அளவாகத்தான் என்னும் சொல்

நுழையும்முன்

தெருவில் தள்ளாடி விழுபவரையே குடிக்கு அடிமையானவர் என்று நாம் கருதுகிறோம். நாள்தோறும் உழைத்து, குடும்பத்தைக் காத்து, இரவில் மட்டும் குடிப்பவரை அவ்வாறு கருதுவதில்லை. இந்த எண்ணம் சரியானதா? மருத்துவ அறிவியலையும் கொங்கு மண்ணின் வரலாற்றையும் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

சோமனூரில் என் பெரியப்பா விசைத்தறிக்கூடம் நடத்திவந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் தறி ஓடத் தொடங்கும்போது அவர் அங்கே நின்றிருப்பார். வணிகரிடம் பாவு வாங்கி, நெய்து கொடுத்து, கிடைத்த கூலியில் இரண்டு பெண்களைப் படிக்க வைத்து மணம்முடித்துக் கொடுத்தவர். ஊரில் ஒரு வழக்கு என்றால் நியாயம் சொல்ல அழைக்கப்படும் நால்வருள் அவரும் ஒருவர். இரவு உணவுக்கு முன் அவர் மது அருந்துவார் என்பது குடும்பத்தார் அனைவருக்கும் தெரியும். அருந்திய பின் உண்பார், உறங்கிவிடுவார். குடித்துவிட்டு உரத்த குரலில் ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் வாழைத்தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்ததில் அவருடைய தொடையெலும்பு முறிந்தது. கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை மருத்துவம் நல்ல முறையில் முடிந்தது. மூன்றாம் நாள் மாலை அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. உடல் வியர்வையில் நனைந்தது. இரவில், சுவரெங்கும் பூரான்கள் ஊர்வதாகக் கூறி அலறினார். அருகில் நின்ற என்னை, என்றோ இறந்துபோன தம் தமையனார் பெயரைச் சொல்லி அழைத்தார். விழுந்தபோது தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று நாங்கள் அஞ்சினோம். பணியிலிருந்த மருத்துவர் வந்து பார்த்தார். அவர் பெரியம்மாவிடம் கேட்ட முதல் வினா, “இவர் தெனமும் குடிப்பாருங்களா?” என்பதே.

“அளவாத்தானுங்க. ராத்திரிக்கு ஒரு குவார்ட்டரு. ஒரு நாளும் வீதியில வுழுந்ததில்லீங்க” என்றார் பெரியம்மா.

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. நாங்கள் அனைவரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். பெரியப்பாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். ஆயினும், பல ஆண்டுகளாக ஒருநாளும் நிற்காமல் கிடைத்துவந்த மது மூன்று நாள்கள் கிடைக்காமற் போனதே அந்த நடுக்கத்துக்கும் அலறலுக்கும் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். மருத்துவ நூல்கள் இந்நிலையை ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்று குறிக்கின்றன. உரிய மருத்துவம் கிடைக்காவிடில் இஃது உயிரையே பறிக்கவும் கூடும். ‘அளவாகக் குடிப்பவர்’ என்று நாங்கள் பெருமையோடு சொல்லிவந்த மனிதர், உண்மையில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார். அந்த ‘அளவு’ என்பது எவ்வளவு என்று எங்களுள் ஒருவரும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

குப்பியின் கணக்கு

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். ‘குவார்ட்டர்’ என்று வழங்கப்படும் குப்பியின் கொள்ளளவு 180 மில்லிலிட்டர். நம் நாட்டில் விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்ககால் உள்ளது. அவ்வாறாயின், ஒரு குவார்ட்டரில் இருக்கும் தூய ஆல்ககால் ஏறத்தாழ 77 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் ஆல்ககாலின் நிறை சுமார் 0.79 கிராம். பெருக்கிப் பார்த்தால் 60 கிராமைச் சற்றே தாண்டுகிறது.

இந்த 60 என்னும் எண் கவனிக்கத்தக்கது. ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ ஆல்ககால் அருந்துவதை உலக நலவாழ்வு நிறுவனம் மிகைக்குடி என்று வரையறுத்துள்ளது. மாதத்தில் ஒருமுறையேனும் அவ்வாறு குடிப்போரை அது தனியே கணக்கிடுகிறது. என் பெரியப்பாவோ மாதத்தில் முப்பது முறை அந்த எல்லையைத் தொட்டிருந்தார். மனிதனின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 கிராம் ஆல்ககாலையே சிதைக்க வல்லது. ஆகவே, இரவு ஒன்பது மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்தவரின் குருதியில் விடியற்காலை வரையிலும் மது இருந்துகொண்டிருக்கும்.

மது அளவுக்கு மீறினால்தான் நஞ்சு என்னும் நம்பிக்கையையும் அறிவியல் கைவிட்டுவிட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என 2023 சனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது தமிழகமே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி நியாயமானது. ஆனால், உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் மட்டும் மதுவின் காரணமாக உலகில் உயிரிழந்தோர் 26 இலட்சம் பேர். இவர்களுள் பெரும்பாலோர் ஒரே இரவில் இறந்தவர்கள் அல்லர். கல்லீரல் சுருங்கியும், இதயம் தளர்ந்தும், புற்றுநோய் கண்டும், சாலையில் மோதுண்டும் ஒவ்வொருவராக மறைந்தவர்கள். ஒவ்வொருவராக நிகழும் இறப்பு செய்தியாவதில்லை.

பழகிப்போகும் மூளை

நாள்தோறும் மது அருந்துவோரின் மூளையில் நிகழ்வது என்ன? மூளையில் கிளர்ச்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் உண்டு. அதனை அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. மது, அடக்கும் பக்கத்துக்கு வலுவூட்டி மூளையை மந்தமாக்குகிறது. நாள்தோறும் இது தொடர்ந்தால், மூளை தன் சமநிலையைக் காத்துக்கொள்வதற்காகக் கிளர்ச்சியின் பக்கத்தை வலுப்படுத்திக்கொள்கிறது.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் முன்னாளில் கவலை கட்டி நீர் இறைத்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீர் நிறைந்த சாலின் பாரத்தை இழுத்தபடி காளைகள் சரிவில் இறங்கும். அவற்றின் உடல் முழுவதும் அந்தப் பாரத்துக்கு எதிராக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்நேரத்தில் வடம் திடீரென்று அறுந்துபோனால், இழுத்த வேகத்திலேயே காளைகள் தலைகுப்புற விழும். மதுவுக்குப் பழகிய மூளையும் அவ்வாறே. மது என்னும் பாரம் சட்டென நீங்கும்போது, அதற்கு எதிராக முறுக்கேறியிருந்த கிளர்ச்சி கட்டவிழ்கிறது. நடுக்கமும், உறக்கமின்மையும், வலிப்பும், மனக்குழப்பமும் தோன்றுகின்றன.

இதில் நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டுள்ள செய்தி ஒன்று உண்டு. “எவ்வளவு குடித்தாலும் அவர் நிதானம் தவறமாட்டார்” என்று சிலரைப் புகழ்கிறோம். முதலில் சிறிதளவிலேயே மயங்கியவர், பின்னர் ஒரு குவார்ட்டருக்கும் அசையாமல் இருக்கிறார் என்றால், அது மனவுறுதிக்குச் சான்றன்று; மூளை மதுவுக்குப் பழகிவிட்டது என்பதற்கான அடையாளம். தள்ளாடாமை நலத்தின் அறிகுறி என்று நாம் நினைக்கிறோம். மருத்துவரோ அதனை எச்சரிக்கையாகக் காண்கிறார்.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடு, மது அடிமை நிலைக்கு ஆறு அடையாளங்களைக் கூறுகிறது.

1. குடிக்க வேண்டும் என்னும் அடக்கவியலா வேட்கை.
2. தொடங்குவதையும் நிறுத்துவதையும் அளவையும் கட்டுப்படுத்த இயலாமை.
3. குடி நின்றாலோ குறைந்தாலோ உடலில் தோன்றும் தொல்லைகள்.
4. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமை.
5. பிற ஈடுபாடுகளைக் கைவிட்டுக் குடிக்கே நேரம் செலவிடுதல்.
6. தீங்கு நேர்வதை அறிந்தும் தொடர்ந்து குடித்தல்.

ஓராண்டுக் காலத்துள் இவற்றில் மூன்றோ அதற்கு மேற்பட்டவையோ ஒருங்கே காணப்பட்டால், அஃது அடிமை நிலை எனக் கொள்ளப்படும். தெருவில் விழுதல் இந்த ஆறனுள் ஒன்றாக இல்லை.

முன்னோர் குடிக்கவில்லையா?

‘சங்க காலத்தில் கள் உண்ணவில்லையா? ஔவையாரும் அதியமானும் கூடியிருந்து பருகியதைப் புறநானூறு பேசவில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். தகடூர் மன்னன் அதியமான் இறந்தபோது, அவனோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களை எண்ணி ஔவையார் கலங்கினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அன்றைய பானத்தையும் இன்றைய குப்பியையும் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. மரத்திலிருந்து இறக்கிப் புளிக்கவைத்த கள்ளில் ஆல்ககால் பொதுவாக ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது. வடித்தெடுக்கும் முறை பரவிய பின்னரே, அதைப் போல எட்டு மடங்கு செறிந்த பானம், கெடாமல், எந்நாளும் எவ்வூரிலும் கிடைப்பதாயிற்று.

புளித்த கள்ளும் தீங்கற்றதன்று. அதனை உணர்ந்தே வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தை அவர் வைத்த இடம் எண்ணிப் பார்க்கத்தக்கது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தின்கண் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். அதனை அடுத்து வருவது சூது. அதனையும் அடுத்து வருவது மருந்து. கள், சூது, மருந்து என அமைந்த இவ்வரிசையை நோக்கும்போது, குடியைத் தனிமனித ஒழுக்கம் பற்றிய செய்தியாக மட்டும் வள்ளுவர் காணவில்லை; பொருளையும் உடலையும் குடும்பத்தையும் அழிக்கும் உலகியல் சிக்கலாகவும் கண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொங்கு மண்ணின் முயற்சிகள்

அச்சிக்கலுக்குத் தீர்வு தேடியோருள் கொங்கு மண்ணினர் முன்னிற்கின்றனர். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடைபெற்றது. அதற்குத் தலைமையேற்ற ஈ.வெ. இராமசாமி, கள் இறக்கப் பயன்படும் என்பதனால் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைப்பட்ட பின்னர், துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தினர். குடியால் துன்புறும் பெண்கள் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்த காலத்தில், அத்துன்பத்தின் வாயிலுக்கே பெண்கள் வந்து நின்ற நிகழ்வு அது.

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவிலக்கைப் பரப்புவதற்கென்றே 1929-இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்னும் மாத இதழ் வெளிவந்தது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளராக விளங்கிய கல்கி, அவ்விதழின் துணையாசிரியராகப் பணியாற்றினார். இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதனால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது.

அதன்பின் சட்டம் பலமுறை திசைமாறியது. 1943-இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது, 1948-இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடியும் நீங்கியது. 1983-இல் மதுவின் மொத்த விற்பனைக்கெனத் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. எந்தக் கொள்கை சிறந்தது என்று சான்றோர் இன்றும் வாதிடுகின்றனர். மது எளிதில் கிடைப்பதற்கும் குடி பெருகுவதற்கும் தொடர்புண்டு என்பதனால், அவ்வாதம் இன்றியமையாதது. ஆயினும், சட்டம் மாறிக்கொண்டிருந்த இவ்வாண்டுகளிலெல்லாம் உடலின் இயல்பு மாறவில்லை. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், ‘என் அளவு எனக்குத் தெரியும்’ என்று ஏமாறும் மனத்தை நாம்தாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

குணக்கேடா? நோயா?

குடிக்கு அடிமையானவரை நம் சமூகம் இருவகையாக நடத்துகிறது. அவர் விழாதவரை ‘பழக்கம்தானே’ என்று விட்டுவிடுகிறது; விழுந்த பின் ‘குடிகாரன்’ என்று ஒதுக்கிவிடுகிறது. முன்னதில் மருத்துவம் தேவை என்று தோன்றுவதில்லை. பின்னதில் மருத்துவத்துக்கு அவர் தகுதியுடையவர் என்று தோன்றுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நோயாளி தொலைந்துபோகிறார்.

நடுவண் அரசு 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பு இதனை உறுதிப்படுத்துகிறது. இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவர்களுள் அடிமை நிலையில் இருப்போர் சுமார் 2.9 கோடிப் பேர். அடிமை நிலையில் உள்ளோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகையில் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். சர்க்கரை நோயாளிகளிலோ காசநோயாளிகளிலோ 38 பேருக்கு ஒருவர் மட்டுமே மருத்துவரிடம் செல்கிறார் என்றால், நாம் பொறுத்திருப்போமா?

நோய் என்று சொல்வதனால் பொறுப்பு நீங்கிவிடாது. அடித்த கைக்கும், கல்விக்கட்டணத்தைக் குடித்த வாய்க்கும் குடித்தவரே பொறுப்பு. ஆனால், பழிச்சொல்லால் எந்த நோயும் ஆறியதில்லை. மருத்துவத்தால் ஆறியதுண்டு. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய மறுவாழ்வுப் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குடிநோயால் கணவரை இழந்த அவர், அதே நோயால் துன்புறும் பிறருக்கெனச் சிகிச்சை நிலையம் கண்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இன்று இதற்கான மருத்துவம் கிடைக்கிறது.

என் பெரியப்பாவும் மருத்துவத்தால் தேறினார். எட்டு மாதங்கள் குடியின்றி இருந்தார். உறவினர் இல்லத்துக் காதுகுத்து விழாவில், “இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க மாமா” என்று யாரோ நீட்டிய குவளையை மறுக்க இயலாமல் மீண்டும் தொடங்கினார். பெரியம்மா ஒரு சொல்லும் கடிந்துரைக்காமல் அவரை மறுபடி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரண்டாம் முறை அவர் முற்றாக மீண்டார். அதன்பின் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார். ஒருநாள் தறிக்கூடத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது என்னிடம், “நாந்தான் அதைப் புடிச்சிருக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு. அதுதான் என்னையப் புடிச்சுட்டு இருந்துச்சு” என்றார்.

உங்களிடம் சில சொற்கள்

மாணவச் செல்வங்களே! இதனைப் படிக்கும் உங்களுள் சிலருக்கு இது பாடம் மட்டுமன்று என்பதனை அறிவேன். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் வீடு எந்நிலைக்கு மாறும் என்பதனை எண்ணி அஞ்சும் பிள்ளைகளை என் வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன். திங்கட்கிழமை முதற்பாடவேளையில் கண்ணயர்ந்த மாணவனை எழுப்பிக் கடிந்துகொண்டு, இரவெல்லாம் அவன் தாய்க்குக் காவலாக விழித்திருந்தான் என்று பின்னர் அறிந்து நாணியதும் உண்டு. உங்கள் தந்தையோ உறவினரோ குடிப்பது உங்கள் குற்றமன்று. அதனை மறைத்துக் காப்பதும் உங்கள் கடமையன்று. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, சிறார் பாதுகாப்புக்கு 1098 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவரைத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தச் செய்வது ஆபத்தானது. மருத்துவரின் துணையோடே நிறுத்த வேண்டும்.

இன்னும் தொடங்காதோர்க்கும் ஒரு சொல். மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. 21 வயதில் குடிக்கத் தொடங்கியோரைக் காட்டிலும், 15 வயதுக்கு முன் தொடங்கியோர் அடிமை நிலையை அடையும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. தேர்வு முடிந்த கொண்டாட்டத்திலோ திருவிழாவிலோ ஒரு நண்பன் குவளையை நீட்டும்போது, வேண்டா என்று சொல்வதில் தாழ்வில்லை. மறுத்தவனை வற்புறுத்தாமல் விடுவது அந்த நட்புக்குப் பெருமை. விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்றது கொங்கு நாடு. வேண்டா என்பவரின் இலையில் மேலும் சோறிடுவது நம் அன்பின் வழக்கம். அவ்வழக்கத்தை மதுக்குவளைக்கும் நீட்டிக்கலாகாது.

இனி உங்கள் வீட்டிலோ ஊரிலோ யாரேனும் ‘அளவாகத்தான்’ என்று சொல்லக் கேட்டால், அவரை இகழ வேண்டா. அந்த அளவு எத்தனை கிராம் என்று இக்கட்டுரையில் உள்ளபடி கணக்கிட்டுக் காட்டுங்கள். ஓரிரவு அது கிடைக்காவிட்டால் உடல் என்ன செய்கிறது என்று அன்போடு கேளுங்கள். விடை சொல்ல அவர் தயங்குவாராயின், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் இதனைச் செய்வதற்கு ஓர் எலும்பு முறிய வேண்டியிருந்தது. நீங்கள் அதற்கு முன்பே செய்யலாம்.